உறைய வைத்த ஒயர்

அந்த அறையில் பதினோரு பேர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு ஒயரைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பாட்டு என்று ஏதோ ஒன்று ஓடத்தான் செய்தது. ஒரு பெண் வயலினோடு சேர்ந்து உருகிக்கொண்டிருந்தாள். அவளைப் பற்றி அங்கே யாருக்கும் அக்கறை இல்லை. சுவரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகிற ஆறடி கரண்ட் ஒயர்தான் அன்றைக்குக் கச்சேரி. குழந்தை மணிக்கட்டு கனத்தில், நீலநிற வலைத்துணி சுற்றி, தரையில் பட்டால் தீட்டு என்பது போலச் சின்னச் சின்ன மரக்கட்டைகளின் மேல் அது படுத்திருந்தது.

கடைசி வரிசையில் அண்ணியும் ஃபியூஸும்.

"கண்ண மூடு தம்பி," என்றாள் அண்ணி, உதடு அசையாமல். "நீ ஒருத்தன்தான் முழிச்சிக்கிட்டு இருக்க."

"மூடினா தூங்கிடுவேன் அண்ணி. குறட்டை விட்டா அதையும் இந்த ஒயர் துல்லியமாக் காட்டிக் குடுத்துடும்."

ஃபியூஸ் அவளுடைய கணவனின் தம்பி. பன்னிரண்டு வருஷம் ஒரு சினிமா தியேட்டரில் சவுண்டு மெக்கானிக்காக இருந்தவன். அங்கே அவன் கருக்கிய ஃபியூஸ்களின் நினைவாக வந்த பெயர் அது. வீட்டிலேயே இப்போது வேறு பெயர் சொன்னால் அவன் திரும்புவதில்லை. அண்ணியோ பதினாறு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த குடோன்களில் சாம்பலைக் கிளறி, இது தானாக எரிந்ததா, எரிய வைத்ததா என்று சொன்னவள். அந்த வேலையை விட்டபின் துப்பறியும் தொழில். மூளை அவளுடையது, வாய் அவனுடையது என்று ஊரில் பேச்சு. இன்றைக்கு அவள் புது வீடு கட்டும் பணக்கார அம்மாள். அவன் கூட வந்த கொழுந்தன். இரண்டாவது வேஷத்துக்கு அவன் ஒத்திகை பார்க்க வேண்டியிருக்கவில்லை.

பாட்டு நின்றது. கடை முதலாளி முன்னால் வந்தார். டாக்டர் மாதிரி வெள்ளைக் கோட்டு. அதன் பையில் மூன்று பேனா.

"செம்பை உருக்கி இழுத்துக் கம்பியாக்கும்போது உள்ள இருக்கிற படிகமெல்லாம் கன்னாபின்னான்னு கலைஞ்சு போயிடுது. நாங்க அதைத் திரவ நைட்ரஜன்ல, மைனஸ் நூத்தித் தொண்ணூத்தாறு டிகிரில, மூணு நாள் உறைய வைக்கிறோம். படிகமெல்லாம் ஒழுங்கா வரிசைக்கு வந்துடும். அதுக்கப்புறம் அதுல கரண்ட் ஓடற விதமே வேற."

"ஸ்கூல் பிரேயர் மாதிரி வரிசையா நிக்குமா சார்?" என்று ஃபியூஸ் கேட்டான்.

"அருமையான உவமை!" என்று முதலாளி மகிழ்ந்து போனார். "அடுத்த கேட்டலாக்ல போட்டுக்கறேன்."

ஃபியூஸ் அண்ணி பக்கம் சாய்ந்தான். "நூறு மைல் தள்ளியிருந்து கரண்ட் வருது அண்ணி. காக்கா உக்கார்ற அலுமினியக் கம்பில வந்து, துருப்பிடிச்ச டிரான்ஸ்ஃபார்மர்ல பூந்து, எலி கடிச்ச ஒயர் வழியா இந்தச் சுவருக்குள்ள ஏறுது. கடைசி ஆறடில வந்து புனிதமாயிடுமா?"

"வாய மூடிட்டு அந்த ஆளோட கட்டை விரலப் பாரு."

அவன் பார்த்தான். முதலாளி சாதா ஒயரைக் கழற்றி, உறைய வைத்ததை மாட்டி, மறுபடி பாட்டைப் போட்டார். போடும்போது ரிமோட்டின் மேல் கட்டை விரல் ஒரே ஒரு தடவை அமுங்கி எழுந்தது. சத்தம் ஒரு பொடி கூடியது. அவ்வளவுதான் விஞ்ஞானம்.

பதினோரு தலைகளும் காற்றில் ஆடும் பயிர் போல ஆடின. முன்வரிசை நடுவில் சாய்வு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் கையை உயர்த்தினார். உடனே பாட்டு நிறுத்தப்பட்டது. ஒலிக் கருவிகளைப் பற்றிய பத்திரிகை ஒன்றில் இருபது வருஷமாகத் தீர்ப்பு எழுதுகிறவர். வாசகர்கள் அவருக்குப் பொற்செவியார் என்று பட்டம் கொடுத்திருந்தார்கள். கொடுத்தார்களோ, அவரே எழுதி அனுப்பினாரோ.

"இதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணு பாடினா," என்றார் அவர், கண் திறக்காமல். "இப்போ, பாடறதுக்கு முன்னாடி அவ யோசிக்கிறதே கேக்குது."

யாரோ ஒருவர் நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஃபியூஸுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. இதே கட்டிடத்தின் பின்பக்கத்தில், இந்த ஒயர்களை உறைய வைக்கும் குளிர் அறையில், பதினோரு நாள் முன்பு ஒரு மனிதன் செத்துக் கிடந்தான். அவன்தான் இந்த ஒயர்களையெல்லாம் முறுக்கிப் பற்றவைத்துத் துணி சுற்றிய ஒயர்மேன். சனிக்கிழமை சாயங்காலம் வரை வேலை செய்தவனை, திங்கட்கிழமை காலை கதவைத் திறந்த முதலாளிதான் கண்டார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. மூச்சுத் திணறி இறந்திருக்கிறான் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். நைட்ரஜன் வால்வு திறந்திருந்தது. தொழிலாளி கவனக்குறைவாக வால்வைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே போனதால் வாயு சூழ்ந்து விபத்து என்று இன்ஸ்பெக்டர் எழுதிக் கேஸை மூடினார்.

ஒயர்மேனின் மனைவி அண்ணியிடம் வந்தது அதற்குப் பிறகு. அவள் அழவில்லை. ஒரே ஒரு விஷயம் சொன்னாள்: "எங்க வீட்டுக்காரர் மத்தியானத்துல அந்த ரூம்லதாங்க தூங்குவார். கதவத் தெறந்து வெச்சிட்டு. ஏங்க, விஷக்காத்து இருக்கிற எடத்துல யாராவது போய்ப் படுப்பாங்களா?"

இதை அவள் இன்ஸ்பெக்டரிடமும் சொல்லியிருக்கிறாள். 'துக்கத்துல ஏதேதோ தோணும்மா' என்று அவர் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டார்.

டீ இடைவேளையில் அண்ணி முதலாளியைப் பிடித்துக்கொண்டாள். "வீடு முழுக்க உங்க ஒயர்தான் போடணும்னு இருக்கேன்."

"கேபிள்," என்று திருத்தினார் முதலாளி. "ஒயர்ங்கிறது இஸ்திரிப் பெட்டிக்கு."

"சரி, கேபிள். ஆனா அது எங்க உறையுதுன்னு என் கண்ணால பாக்கணும்."

வீடு முழுக்க என்ற வார்த்தை அவருடைய காதுக்குள் போய் எதையோ உருக்கியது. விருந்தாளிகளிடம் டீயையும் பிஸ்கட்டையும் விட்டுவிட்டு அவரே பின்பக்கம் கூட்டிப் போனார்.

பட்டறையில் பற்றவைக்கும் மேஜை, செம்புக் கம்பிச் சுருள்கள், நீலத்துணி உருளைகள். கோடியில் குளிர் அறை. மூடிப்போன ஏதோ ஒரு மீன் கிடங்கிலிருந்து கழற்றி வந்தது போன்ற எஃகுப் பெட்டி. நாலு பேர் நெருக்கி நின்றால் நிறைந்துவிடும். கதவைச் சுற்றி ரப்பர் பட்டை. வெளியில், சாத்தினாலே தானாக விழுகிற ஒரு கனத்த தாழ்ப்பாள். பக்கத்துச் சுவரில் சிவப்புச் சக்கரம் வைத்த வால்வு. அதிலிருந்து ஒரு குழாய் அறைக்குள்ளும், இன்னொன்று கொல்லையில் நிற்கும் உயரமான உருளைக்கும் போயின.

"பாதுகாப்பெல்லாம் கனகச்சிதம்," என்றார் முதலாளி. "அந்த ஆள் பாவம், கொஞ்சம் அசட்டை."

அண்ணி சுவரில் தொங்கிய கையுறைகளை எடுத்தாள். குளிரிலிருந்து காக்கும் தடித்த நீலக் கையுறை. எடுத்ததும் இரண்டும் சேர்ந்தே வந்தன. கடையில் விற்கும்போது ஜோடி பிரியாமல் இருக்கப் போடுகிற பிளாஸ்டிக் முடிச்சு இன்னும் அறுபடவில்லை.

"எத்தனை வருஷமா உறைய வைக்கறீங்க?"

"ஆறு."

"ஆறு வருஷமா ரெண்டு கையையும் சேத்துக் கட்டிக்கிட்டா வேலை பாத்தார்?" என்றான் ஃபியூஸ்.

முதலாளி சிரிக்கப் பார்த்தார். அதற்குள் அண்ணி குளிர் அறைக்குள் நுழைந்திருந்தாள். ஃபியூஸ் டார்ச்சை அடித்தான். நைட்ரஜன் வந்து விழ வேண்டிய குழாயின் வாயில் ஒரு சிலந்தி, குடும்பத்தோடு, பல தலைமுறைச் செழிப்போடு வலை கட்டி உட்கார்ந்திருந்தது. மூலையில் ஒரு சின்ன டேபிள் ஃபேன்.

அண்ணி ஃபேனையே பார்த்தாள். பிறகு முதலாளியை.

"மைனஸ் நூத்தித் தொண்ணூத்தாறு டிகிரில யாருக்குங்க புழுக்கமா இருந்துச்சு?"

முதலாளியின் முகத்திலிருந்து முதலில் சிரிப்பு போனது. பிறகு நிறம்.

அண்ணி தன் அட்டையை எடுத்து அவர் கோட்டுப் பையில், மூன்று பேனாக்களுக்கு நடுவே செருகினாள். "வீடும் கட்டல, ஒண்ணும் கட்டல. ஒயர்மேன் பொண்டாட்டி அனுப்பித்தான் வந்திருக்கேன். இப்போ நல்லா யோசிச்சு பதில் சொல்லுங்க. இங்க நைட்ரஜன் இருந்துச்சுன்னா, உள்பக்கம் கைப்பிடி கூட இல்லாத ரூம்ல ஒரு ஆள வேலைக்கு விட்டுச் சாகடிச்சவர் நீங்க. இல்லைன்னா, முன்னாடி உக்காந்திருக்கிற பதினோரு பேரையும் ஆறு வருஷமா ஏமாத்தினவர் நீங்க. ரெண்டுல எது?"

முதலாளி யோசித்தார்.

அதைத்தான் ஃபியூஸால் தாங்க முடியவில்லை. அந்த ஆள் நிஜமாகவே உட்கார்ந்து யோசித்தார். பற்றவைக்கும் மேஜையின் முன்னாலிருந்த ஒயர்மேனின் முக்காலியில் உட்கார்ந்து, எது தனக்கு மலிவு என்று இரண்டையும் எடை போட்டார்.

"இல்ல," என்றார் கடைசியில். "கேஸ் கிடையாது. எப்பவுமே கிடையாது. அந்த உருளை பழைய இரும்புக் கடையில வாங்கினது. வால்வும் அங்கதான். ஆளுங்க பாத்தா நம்பறதுக்கு."

"அப்போ இன்ஸ்பெக்டர் கேக்கும்போது?"

"அவர் வந்தவுடனே, 'இங்க என்ன கேஸ் வெச்சிருக்கீங்க'ன்னு கேட்டார். எல்லாரும் சுத்தி நிக்கறாங்க. கஸ்டமர் ரெண்டு பேர் வேற. நான் எப்படி இல்லைன்னு சொல்றது? ஆறு வருஷ வியாபாரம்மா..."

"அதனால செத்துப்போனவன் மேல பழியப் போட்டீங்க."

"அவன்தான் போய்ட்டானே. அவனுக்கு அதுல என்ன?"

ஃபியூஸ் வாயைத் திறந்தான். ஏதாவது குத்தலாக வந்து விழும் என்று அவனே எதிர்பார்த்தான். ஒன்றும் வரவில்லை. திரும்பிப் போய் டார்ச்சைக் கதவின் உள்பக்கம் அடித்தான். கைப்பிடி இருந்த இடத்தில் இரண்டு திருகாணித் துளைகள். அதைச் சுற்றி எஃகுத் தகட்டில் சின்னச் சின்னப் பள்ளங்கள், ஸ்குரூ டிரைவர் பிடியால் ஓங்கிக் குத்தினால் விழுகிற மாதிரி. மார்பு உயரத்தில் நிறைய. இடுப்பு உயரத்தில் கொஞ்சம். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மூன்றே மூன்று.

"அண்ணி," என்றான். அவள் வந்து பார்த்தாள்.

வெளியே வந்து அண்ணி வால்வுச் சக்கரத்தில் கை வைத்தாள். "கேஸே இல்ல. ஆனா திங்கட்கிழமை காலைல இது திறந்திருந்துச்சு. தீயணைப்பு ஆளுங்க முகமூடி மாட்டிக்கிட்டு வந்து மூடினாங்கன்னு இன்ஸ்பெக்டரே எழுதியிருக்கார். யார் திறந்தது?"

"நான் அதத் தொட்டதே இல்ல," என்றார் முதலாளி.

"நீங்க தொட மாட்டீங்க. ஒண்ணும் வராதுன்னு உங்களுக்குத் தெரியும். ஒயர்மேனும் தொட்டிருக்க மாட்டார், அவருக்கும் தெரியும்." அவள் சக்கரத்தை இடப்பக்கம் திருப்பிப் பார்த்தாள். அசையவில்லை. "இதத் திறந்தவன், உள்ள நிஜமாவே கேஸ் இருக்குன்னு நம்பினவன். உங்ககிட்ட பூவ வாங்கிக் காதுல வெச்சிக்கிட்டவங்கள்ல ஒருத்தன். தம்பி, இது ஏன் திரும்ப மாட்டேங்குது?"

ஃபியூஸ் வலப்பக்கம் திருப்பினான். எண்ணெய் போட்டது போல வழுக்கிக்கொண்டு சுற்றியது. சக்கரத்தோடு சேர்ந்த முள்ளும், மூடியதைக் காட்டும் பச்சையிலிருந்து திறந்ததைக் காட்டும் சிவப்புக்கு நகர்ந்தது.

"இடமரை அண்ணி. எல்லா வால்வும் வலது பக்கம் திருப்பினா மூடும். இந்தச் சனியன் வலது பக்கம் திருப்பினா திறக்குது. ஏதோ பழைய மெஷின்லேர்ந்து கழட்டினது."

"அப்படியா?" என்றார் முதலாளி, உண்மையான ஆச்சரியத்தோடு.

அண்ணி அவரைப் பார்த்தாள். அவளுடைய முகத்தில் ஃபியூஸுக்குப் பழக்கமான ஒரு மாற்றம் வந்தது. எரிந்த குடோனில் மண்ணெண்ணெய் வாசனை பிடித்துவிட்ட முகம்.

"மூடு தம்பி. இன்ஸ்பெக்டருக்குப் போன் போடறேன். நீ போய் எல்லாருக்கும் இன்னொரு டீ குடுக்கச் சொல்லு. யாரையும் வெளிய விடாத."

இன்ஸ்பெக்டர் அரைமணியில் வந்தார். முடிந்த கேஸுக்காகக் கூப்பிட்டதில் அவருக்கு மனத்தாங்கல். அண்ணி சொன்னதைக் கேட்டு முதலாளியை ஒரு முறை முறைத்தார். பிறகு பட்டறை மூலையில் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார். "உங்க இஷ்டம். எனக்கு ஒரு மணி நேரம்தான்."

ஒவ்வொருவராக ஃபியூஸ் கூட்டி வந்தான். கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான். இந்தப் பட்டறைக்கு இதற்கு முன் வந்திருக்கிறீர்களா? எல்லோரும் இல்லை என்றார்கள். உடனே அண்ணி, "விபத்து நடந்த எடம் பாருங்க, எதுக்கும் இத இன்னும் கொஞ்சம் இறுக்கிடறேன்," என்று சொல்லிக்கொண்டே சக்கரத்தைப் பிடித்து வலப்பக்கம் திருப்பப் போவாள். முதலில் வந்த பல் டாக்டர் அந்தச் சக்கரமும் விற்பனைக்கா என்று கேட்டார். இரண்டாவதாக வந்த கட்டிடக் கான்ட்ராக்டர் "நல்லா இறுக்குங்கம்மா, நல்லது," என்று ஆமோதித்தார். மூன்றாவது ஆள் சக்கரத்தைக் கவனிக்கவே இல்லை. இரண்டாவது டீயில் சர்க்கரை குறைவு என்று புகார் சொல்லிவிட்டுப் போனார்.

நாலாவதாகப் பொற்செவியார்.

"இந்தப் பக்கமெல்லாம் நான் வர்றதில்லை," என்றார் அவர், பட்டறையைச் சுற்றிப் பார்க்கக்கூட மனமில்லாதவர் போல. "எனக்கு ஒலியோடதான் உறவு. ஒயர் முறுக்கற எடத்துல எனக்கென்ன வேலை?"

"சரிங்க. ஒரு நிமிஷம், இத இறுக்கிட்டு வந்துடறேன்." அண்ணியின் கை சக்கரத்தை வலப்பக்கமாக அழுத்தியது.

"ஐயோ, வேணாம்!" பொற்செவியார் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்னால் தாவினார். "அந்தப் பக்கம் திருப்பினா திறக்கும்!"

இன்ஸ்பெக்டர் மெல்லப் பெட்டியிலிருந்து எழுந்தார்.

"இதுக்குச் சொந்தக்காரருக்கே அது இப்பத்தான் தெரியும்," என்றாள் அண்ணி. "இந்தப் பக்கம் வர்றதே இல்லாத உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"அது... பொதுவா எல்லா வால்வும்..."

"பொதுவா எல்லா வால்வும் நேர் எதிரா சார்," என்றான் ஃபியூஸ். "வீட்டுக்குப் போய் உங்க குழாயத் திருப்பிப் பாருங்க. விட்டாங்கன்னா."

பொற்செவியார் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். அவருடைய முகத்தில் பயத்தைவிட அவமானம்தான் அதிகமாக இருந்தது. அது பழைய அவமானம், பதின்மூன்று நாளாக ஆறாதது.

"அவன் சிரிச்சான்," என்றார்.

இன்ஸ்பெக்டர் பையிலிருந்து குறிப்பு நோட்டை எடுத்தார்.

"என் கேபிள ரெண்டாந்தரம் உறைய வைக்கக் குடுத்திருந்தேன். திரும்ப வந்ததும் அதப் பத்தி மூணு பக்கம் எழுதினேன். என் வாழ்க்கையிலேயே நான் கேட்ட மிகத் தூய்மையான ஒலின்னு எழுதினேன். அந்தச் சனிக்கிழமை அவனுக்குப் பத்திரிகையைக் குடுத்துப் பாராட்டலாம்னு வந்தேன். படிச்சிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறான். 'சார், உங்க கேபிள் இன்னும் குளிர் ரூம் அலமாரிலதான் இருக்கு. அவசரம்னீங்களேன்னு எங்க வீட்டு இஸ்திரிப் பெட்டி ஒயரத் துணி சுத்தி அனுப்பினேன்'ங்கறான். மன்னிப்பும் கேட்டான், ஆனா சிரிப்ப அடக்க முடியல அவனால. 'உள்ள வாங்க, காட்டறேன்'னு என் கேபிள எடுக்க அந்த ரூமுக்குள்ள போனான். சிரிச்சிக்கிட்டே போனான்..."

"நீங்க கதவச் சாத்திட்டீங்க," என்றாள் அண்ணி.

"அவன் வெளிய வந்தா எல்லார்கிட்டயும் சொல்லியிருப்பான். இருபது வருஷம். என் எழுத்துக்கு என்ன மரியாதை இருந்திருக்கும்?" அவர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். "வலிச்சிருக்காது. நைட்ரஜன்ல வலி தெரியாதுன்னு நானே ஒரு கட்டுரைல எழுதியிருக்கேன். ரெண்டு மூச்சு, அவ்வளவுதான்."

"நைட்ரஜன் கிடையாது," என்றாள் அண்ணி.

அவர் நிமிர்ந்தார்.

"எப்பவுமே கிடையாது. அந்த உருளை காலி. நீங்க சக்கரத்தத் திருப்பினதுல ஒண்ணும் வரல. உள்ள இருந்த காத்து தீர்ற வரைக்கும் அவர் உயிரோடதான் இருந்தார். ராத்திரி பூரா இருந்திருக்கலாம். கதவத் தட்டிக்கிட்டே இருந்திருக்கார். தகடு பூராக் குழி விழுந்திருக்கு, போய்ப் பாருங்க. நீங்க சாத்திட்டுத் திரும்பும்போதே தட்ட ஆரம்பிச்சிருப்பார். கேக்கலியா உங்களுக்கு?"

பொற்செவியார் அவளைப் பார்க்கவில்லை. மெதுவாக முதலாளி பக்கம் திரும்பினார்.

"அப்போ," என்றார், "என் கேபிள்? அது முதல் தடவையும் உறையலியா?"

ஃபியூஸ் தன் வாழ்நாளில் எல்லாவற்றுக்கும் ஒரு கிண்டல் வைத்திருந்தவன். தியேட்டர் எரிந்தபோது, வேலை போனபோது, அண்ணனின் நெஞ்சு வலிக்கு ஆம்புலன்ஸில் போனபோதுகூட. இப்போது அந்த ஆளின் முகத்தைப் பார்த்தான். நாக்கில் வந்தது உமிழ்நீர் மட்டும்தான். அதைத் தரையில் துப்பிவிட்டுப் பட்டறையை விட்டு வெளியே போனான். பின்னால் இன்ஸ்பெக்டர் விலங்கைப் பூட்டுகிற சத்தம் கேட்டது. முதலாளி, "என் பேர் பேப்பர்ல வருமா சார்?" என்று கேட்கிற சத்தமும்.

ஸ்டேஷனில் எழுத வேண்டியதையெல்லாம் எழுத வைக்க அண்ணி போனாள். "நீ போய் அவங்ககிட்டச் சொல்லிடு தம்பி," என்றாள். "எவனாவது சொல்லி அவங்க கேக்கறதுக்கு முன்னாடி."

"நானா? எனக்கு இந்த மாதிரிப் பேசத் தெரியாது அண்ணி."

"அதனாலதான்."

ஒயர்மேனின் மனைவிக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை. இடுப்பு உயரத்துக்கு வெள்ளைத் துணிக் குவியல்கள், நீராவி, ஓயாமல் உருளும் எந்திரங்களின் இரைச்சல். அவள் ஒரு நீளமான மேஜை முன்னால் நின்று படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் கை நிற்கவில்லை, வேகம் மட்டும் குறைந்தது.

அவன் சொன்னான். யார், எப்படி, எதற்காக என்று வரிசையாகச் சொன்னான். இஸ்திரிப் பெட்டி ஒயர் என்றதும் அவள் முகத்தில் ஏதோ வந்து போனது.

"அத எங்கங்கன்னு ஒரு வாரம் தேடினேன்," என்றாள். "கேட்டதுக்கு, பெரிய எடத்துல சங்கீதம் கத்துக்கப் போயிருக்குன்னார். புரியல எனக்கு."

அவள் அடுத்த விரிப்பை எடுத்தாள்.

"இனிமே அவர் கவனக்குறைவுன்னு யாரும் எழுத மாட்டாங்க அக்கா," என்றான் ஃபியூஸ். "அண்ணி நின்னு அடிச்சு எழுத வெச்சிட்டுத்தான் வருவாங்க."

அவள் தலையசைத்தாள். அடுத்த கேள்வி வரப்போகிறது என்று அவனுக்குத் தெரிந்தது. ஓடிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

"கேஸ் இல்லன்னா... உடனே போயிருக்க மாட்டார் இல்ல?"

எல்லோரும் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்: ரெண்டு மூச்சு, வலியே தெரிஞ்சிருக்காது. அதையே இவனும் சொல்லலாம். ஸ்டேஷன் காகிதத்தை அவள் படிக்கப் போவதில்லை. படித்தாலும் டாக்டர்களின் பாஷை யாருக்குப் புரியும்? ஒரு பொய்தான். அவன் எத்தனையோ சொல்லியிருக்கிறான்.

"இல்லக்கா," என்றான். "ரொம்ப நேரம் ஆச்சு. கடைசி வரைக்கும் கதவத் தட்டியிருக்கார். விடவே இல்ல."

அவள் கையிலிருந்த விரிப்பு மேஜையில் விழுந்தது. இரண்டு உள்ளங்கைகளையும் அதன் மேல் ஊன்றி நின்றாள். தோள்கள் ஒருமுறை குலுங்கின. சத்தம் வந்ததோ என்னவோ, அந்த இரைச்சலில் தெரியவில்லை. ஃபியூஸ் நின்ற இடத்திலேயே நின்றான்.

வெகு நேரம் கழித்து அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அப்படித்தான் இருப்பார்னு எனக்குத் தெரியும்," என்றாள். "சும்மா படுத்து சாகற ஆள் இல்ல அவரு."

பிறகு விழுந்த விரிப்பை எடுத்து உதறினாள். அது இரட்டைக் கட்டிலுக்கானது, தனியாக மடிக்க முடியாத அகலம்.

"அந்த முனையப் புடிங்க," என்றாள்.

அவன் பிடித்தான்.